மைனஸ் முந்நூறு டிகிரி

"எந்தக் கூறுகெட்ட மனுஷன் இத எழுதுனான்? அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"கழுத்த நெரிப்பேன்!"

"எங்க அப்பா கழுத்து கொஞ்சம் பருமன். உங்க ரெண்டு கை பத்தாது."

கடுகு திடுக்கிட்டுத் திரும்பினாள். ரத்த வங்கியின் கீழ்த்தளத்தில், வரிசையாக நின்ற உறைபெட்டிகளுக்கு நடுவே, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் அவள் அத்தனை நேரமும் கத்திக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இருப்பான் என்று அவள் கண்டாளா?

வாசலில் ஒருவன் நின்றான். வெளியே கொட்டுகிற மழையில் பாதியை உடம்பிலேயே கொண்டுவந்திருந்தான். மூக்கு நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கதவு நிலையில் இடிக்காமலிருக்கக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருந்தான். அப்படி ஓர் உயரம்... அப்படி ஓர் ஒல்லி. ஒட்டடைக்குச்சி என்று அந்த நிமிடமே மனதுக்குள் பெயர் வைத்துவிட்டாள்.

ஆனால் கண்கள்... சே, இப்போது அதுவா முக்கியம்?

"நீங்க யாரு?"

"இந்த ஃப்ரீசரெல்லாம் எங்க கம்பெனிதான். நீங்க வெப்பம் கண்காணிக்கிற கம்பெனியிலேர்ந்து வந்தவங்கதானே? வாசல்ல சிஸ்டர் சொன்னாங்க. 'கீழ ஒரு பொண்ணு தனக்குத்தானே சண்ட போட்டுட்டு இருக்கு, போய்ப் பாருங்க'ன்னு."

ஊரில் எல்லோரும் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் சின்னது, சூடு பட்டால் வெடிப்பதும் உடனே. அன்று திங்கட்கிழமை காலையிலிருந்தே வெடித்துக்கொண்டிருந்தாள். பின்னே என்ன? விஷயம் அப்படி.

ரத்த வங்கி உறைபெட்டிகளை ஒரு கம்பெனியில் வாங்கியது. குளிர் குறைந்தால் அலறுகிற அலாரப் பெட்டிகளைக் கடுகின் அப்பாவுடைய பட்டறையில் வாங்கியது. பொறுப்பிலிருந்த சிஸ்டர் கறாரான பெண்மணி. இரண்டு கம்பெனிக்கும் ஒரே கட்டளை போட்டார். "எனக்கு ஒரே திரையில எல்லாம் தெரியணும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குச் சோதனை பண்ண ஆபீசர்ங்க வர்றாங்க. அதுக்குள்ள முடியலேன்னா ரெண்டு பேரும் அவங்கவங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுங்க." ஆஸ்பத்திரிகளை நம்பித்தான் அப்பாவின் பட்டறையே ஓடியது. இங்கே பெட்டி திரும்பினால், மற்ற இடங்களிலும் ஒவ்வொன்றாகத் திரும்பும். பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள்.

அந்தத் திரைக்கான புரோகிராமை, சி மொழியில், எழுதியவள் கடுகு. அதோடு இரண்டு கம்பெனிகளின் லைப்ரரிகளையும் சேர்த்து லிங்க் செய்ய வேண்டும், அவ்வளவுதான். லைப்ரரி என்றால் யாரோ முன்பே எழுதி மூட்டை கட்டி வைத்த வேலைகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து செய்துவிட்டுப் போகும். லிங்க் ஆனது. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. அடேயப்பா, என்று ஓட்டிப் பார்த்தால்...

மைனஸ் முந்நூறு டிகிரி.

"மைனஸ் முப்பது இருக்க வேண்டிய இடத்துல மைனஸ் முந்நூறு காட்டுது! இருநூத்தி எழுபத்தி மூணுக்குக் கீழ உலகத்துலயே குளிர் கிடையாது. உங்க ஃப்ரீசர் இந்தப் பிரபஞ்சத்தையே தாண்டிப் போயிட்டிருக்கு!" என்றாள்.

"எங்க ஃப்ரீசர் ஒழுங்காத்தான் இருக்கு. உங்க புரோகிராம்ல லைப்ரரிங்கள எந்த வரிசையில குடுத்திருக்கீங்க? மாத்திக் குடுங்க பார்ப்போம்."

மாற்றினாள். ஓட்டினாள். மைனஸ் மூன்று என்று காட்டியது. மைனஸ் மூன்றென்றால் ரத்தத்தின் பிளாஸ்மா உருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சுவரின் உச்சியிலிருந்த அலாரம் ஊரையே கூட்டுகிற மாதிரி ஊளையிட்டது. மாடியிலிருந்து சிஸ்டர் தடதடவென்று ஓடிவந்தார்.

"என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா சோதனை..." என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சிஸ்டர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "மேல ரத்தம் குடுத்துட்டிருந்த ஒருத்தர் ஊசியோட எழுந்து ஓடப் பார்த்தார். இன்னொரு தடவ இது கத்துச்சு... நான் கத்துவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலாரத்தை நிறுத்தும் பட்டன் அந்தப் பெட்டியிலேயே, கூரைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா வைத்த வடிவமைப்பு. யாரும் சுலபமாக அணைத்துவிடக் கூடாதாம். கடுகு ஸ்டூல் மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, அதற்கும் எட்டாமல் ஒரு பேனாவால் குத்த முயன்றாள். பக்கத்தில் வந்தான். கையைத் தூக்கினான். அழுத்தினான். முடிந்தது.

"இறங்குங்க. நீங்க டைப் பண்ணுங்க, நான் இதப் பிடிச்சுக்கிறேன். விட்டா மறுபடி கத்தும்."

அவள் இறங்கினாள். நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. எரிச்சல் தீராத நேரத்தில் நன்றி வருமா என்ன?

அன்று பகல் இரண்டு மணி நேரம் அவன் அப்படியே நின்றான். ஒரு கை வலித்தால் மறு கையை மாற்றினான். அவள் எதையோ மாற்றி ஓட்டுவாள், மைனஸ் மூன்று வரும், அலாரம் கத்தப் பார்க்கும், அவன் விரல் விடாது. ஒவ்வொரு தடவையும் கை மாற்றும்போது சட்டை நுனியிலிருந்து அவள் நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. மையெல்லாம் கலைந்தது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் உண்டு இல்லையென்று ஆக்கியிருப்பாள். அவள் நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். தனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே புரியவில்லை.

"கை வலிக்கலயா?"

"வலிக்குது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க திட்டிட்டு இருந்தீங்க. நடுவுல பேசுனா மரியாதையா இருக்காதுன்னு..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துத் தொலைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாளும் மழை. மறுநாளும் மைனஸ் முந்நூறு. புதன்கிழமைதான் அவன் ஒரு யோசனை சொன்னான். "புரோகிராம் ஓடும்போது எந்தெந்த லைப்ரரிய உள்ள இழுக்குதுன்னு ஒரு பட்டியல் எடுப்போமே."

எடுத்தார்கள். தலையோடு தலை முட்டுகிற மாதிரி இருவரும் திரையில் குனிந்தார்கள். இருவருடைய லைப்ரரியும் தத்தம் வேலைக்கு இன்னொரு லைப்ரரியைக் கூப்பிட்டன. அதன் பெயர் மெர்க்குரி, பதிப்பு நாலு. பட்டியலில் மெர்க்குரி நாலு ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

"எங்களுதுலயும் மெர்க்குரி நாலு."

"எங்களுதுலயும் மெர்க்குரி நாலு."

"பேரும் ஒண்ணு, எண்ணும் ஒண்ணு... அதான், முதல்ல வந்தத ஏத்திட்டு, ரெண்டாவது ஏற்கனவே இருக்குன்னு விட்டுடுது. ரெண்டு பக்கத்துக்கும் ஒருத்தரே பதில் சொல்றார்."

இரண்டு மெர்க்குரியையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று பதிப்புகளின் குறிப்புகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. நாலில்தான் பிரிந்தது. அவள் பக்கத்து நாலு முழு டிகிரியாகச் சொன்னது. அவன் பக்கத்து நாலு டிகிரியின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணிச் சொன்னது. முப்பது முந்நூறான கதை அதுதான். மேலே, 'எழுதியவர்கள்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். இரண்டு ஃபைலிலும் அதே இரண்டு பெயர்கள்.

அவன் முதல் பெயரைத் தொட்டான். "இது எங்க அப்பா."

அவள் இரண்டாவதைத் தொட்டாள். "இது எங்க அப்பா."

அவள் விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"உங்க அப்பா பேர எங்க வீட்டுல சொன்னா, சாப்பாடு பாதியில நின்னுடும்" என்றாள்.

"எங்க வீட்டுல பேரே கிடையாது. 'அந்த மனுஷன்'தான்."

பதினொரு வருடங்களுக்கு முன்னால் அவர்கள் இருவரும் ஒரே பட்டறையில் கூட்டாளிகள். டிகிரியை முழுசாகச் சொல்வதா, பத்தாகப் பிரித்துச் சொல்வதா என்பதில் ஆரம்பித்த வாக்குவாதமாம்... பட்டறையே இரண்டாகிவிட்டது. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த பதிப்பு வெளியிடும்போது இருவருமே நாலு என்று போட்டார்கள். அவர் நாலு போட்டுவிட்டார் என்று தெரிந்தும் இவர் நாலு போட்டார். அஞ்சுக்குத் தாவினால், நடுவில் மற்றவருடைய நாலு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! இரண்டு பெரிய மனிதர்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது கடுகுக்கு.

ஒரே ஒரு ஆறுதல். கூட்டாளிகளாக இருந்த காலத்து நல்ல பழக்கம் ஒன்றை அவர்கள் இருவரும் விடவில்லை. ஃபைலின் பெயரில் மட்டுமல்லாமல், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் மேலும், அதாவது ஒவ்வொரு குட்டி வேலை மேலும், பதிப்பு எண்ணை முத்திரையாகக் குத்திவிடுவார்கள். யாராவது ஒருவர் நாலை அஞ்சாக்கி மறுபடி கட்டினால் போதும். இரண்டும் ஒரே புரோகிராமுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும். ஆனால் மூலப் பிரதிகள் அப்பாக்களிடம்தான் இருந்தன.

"நாளைக்கு மத்தியானம் நான் அப்பாகிட்டக் கேக்குறேன்" என்றாள்.

"நானும் கேக்குறேன். யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லாமலா போயிடுவாங்க?"

வியாழக்கிழமை பட்டறையில் அப்பா சாலிடரிங் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டாள். அவர் நிமிரக்கூட இல்லை.

"நாலு என்னுது. நான் எதுக்கு மாத்தணும்? அவன மாத்தச் சொல்லு."

"அப்பா, வெறும் எண்தானேப்பா..."

"வெறும் எண்ணுன்னா அவனே மாத்திக்கட்டுமே." பிறகுதான் அவருக்கு உறைத்தது. சாலிடரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தார். "அங்க அவங்க பக்கத்துலேர்ந்து யாரு வர்றது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அவரோட பையன்ப்பா."

அப்பா ரொம்ப நேரம் அவளைப் பார்த்தார். மூன்று நாளாக மகள் கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பதை அவரும் கவனிக்காமலா இருந்திருப்பார்?

"நாளைக்கு நீ போக வேண்டாம்மா. பத்தரைக்கு நான் வேற ஆள அனுப்புறேன்."

மழையில் நனைந்துகொண்டே தெருமுனை வரைக்கும் போய் அவனுக்குப் போன் செய்தாள்.

"எங்க அப்பாவும் அதேதான்... வார்த்தைக்கு வார்த்தை" என்றான். குரல் செத்திருந்தது. "நாளைக்கு வருவீங்கல்ல?"

"வரக் கூடாதாம்."

"சரிங்க... உடம்பப் பார்த்துக்கோங்க. நனைய வேண்டாம்" என்றான்.

போனை வைத்த பிறகு அவளுக்கு அழுகை வந்தது. நாளையிலிருந்து அவனைப் பார்க்க முடியாது. மூன்று நாளாகத் திட்டித் தீர்த்த வேலைக்கா இப்படி நெஞ்சு அடைக்கிறது? இல்லை... இல்லவே இல்லை. அவன்தான் அவளுக்கு வேண்டியிருந்தான். அந்த நீளக் கை, சொட்டச் சொட்ட நிற்கும் அந்த முகம், திட்டும்போது கண்ணுக்குள்ளேயே சிரிக்கிற அந்தச் சிரிப்பு... எல்லாம்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாகச் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மெர்க்குரி நாலை அஞ்சாக்கினாள். பெயரில், முத்திரையில், எல்லா இடத்திலும். இது அப்பாவுக்குத் தெரிந்தால் பதினொரு வருட ரோஷத்தை மகளே அடகு வைத்துவிட்டாள் என்பார். தோற்றதாகத்தான் ஊர் சொல்லும். தோற்றுவிட்டுப் போகிறேன், என்று ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கீழ்த்தளத்தில் அவன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் பூத்தது... உடனே அதை மறைத்துக்கொண்டான்.

"வரக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"ஆமா. வந்துட்டேன். நேரமில்ல, தள்ளுங்க."

"எங்களுத நான் ஏற்கனவே போட்டுட்டேன். நீங்க உங்களுதப் போடுங்க. இன்னிக்கு ஓடும்... பாருங்களேன்."

இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவே இல்லை. அவளுக்கு அவளுடைய ரகசியமே பெரிதாக இருந்தது. போட்டாள். லிங்க் செய்தாள். ஓட்டினாள். கடைக்கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தாள்.

மைனஸ் முந்நூறு டிகிரி.

"இது எப்படி?" என்று இருவரும் கத்தினார்கள்.

பட்டியல் எடுத்தாள். மெர்க்குரி அஞ்சு. ஒரே ஒரு தடவை.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவன் மெதுவாகப் பின்வாங்கினான்.

"நீ மாத்துனியா?"

"நீயும் மாத்துனியா?"

"எதுக்குடா மாத்துன?" மரியாதை எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் உன்னக் கேட்டேனா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் காலங்காத்தால திருட்டுத்தனமா கதவத் திறந்து, எங்க அப்பாவுக்குத் துரோகம் பண்ணிட்டு வந்து நிக்கிறேன்!"

"நான் மட்டும் என்ன, எங்க அப்பாகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கிட்டா வந்தேன்? நீ எதுக்கு மாத்துன?"

"எதுக்கா? உன் பெட்டி திரும்பிப் போகக் கூடாதுன்னு!"

"நானும் உன் பெட்டி திரும்பக் கூடாதுன்னுதான்! உங்க அப்பா உன்னத் திட்டக் கூடாதுன்னுதான்! எங்க அப்பா தோத்தா பரவாயில்ல, நீ அழக் கூடாதுன்னுதான்..." அவன் மூச்சு வாங்கினான். "எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை கழுத்த நெரிப்பேன்னு சொன்னியே, அப்பவே பிடிச்சுப்போச்சு. நாலு நாள்ல இப்படி ஆகுமான்னு கேக்காத. எனக்கும் தெரியல."

மழை சன்னலில் சடசடவென்று அடித்தது. அவள் அவன் கண்களைப் பார்த்தாள். நேராக, முழுசாக, முதல் தடவையாக. தப்பிக்க வழியே இல்லாத கண்கள்.

"எனக்கும்தான்" என்றாள். "எனக்கும்தான், போதுமா? சொல்ல விட்டாத்தானே!"

"ஏம்மா..." வாசலில் சிஸ்டர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! "காதலிக்கிறத மூணு மணிக்கு மேல வச்சுக்கக் கூடாதா? ஆபீசர்ங்க வந்துடுவாங்க. யாராவது ஒருத்தர் பழையபடி மாத்துங்க!"

"நான் அஞ்சாவே இருக்கேன். நீ நாலுக்குப் போ" என்றான்.

"முடியாது. நான்தான் அஞ்சு. நீ போ."

"ஏய், உங்க அப்பா..."

"அவர் காரணம் கேப்பார். கேக்கட்டும். கேட்டாத்தான் நான் உன்னப் பத்திச் சொல்ல முடியும். நானா போய் ஆரம்பிக்க எனக்கு தைரியம் கிடையாது. புரிஞ்சுதா ஒட்டடைக்குச்சி?"

"என்னது, ஒட்டடைக்குச்சியா?"

"சீக்கிரம் போடுடா!"

அவனுடைய பழைய நாலைப் போட்டார்கள். ஓட்டினாள். பட்டியலில் நாலும் இருந்தது, அஞ்சும் இருந்தது. திரையின் இரண்டு பக்கத்திலும் மைனஸ் முப்பது. அலாரம் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார், மாடிக்குப் போனார்.

அப்போது போன் அடித்தது. அப்பா. அவர் அனுப்பவிருந்த ஆள் பட்டறைக் கதவு திறந்து கிடந்ததைச் சொல்லியிருப்பான். கம்ப்யூட்டரையும் பார்த்திருப்பார். கடுகு கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

"அஞ்சுன்னு மாத்துனது யாரு?"

"நான்தான்ப்பா. அவர் பையனும் அங்க அஞ்சுன்னு மாத்திட்டு வந்துட்டாருப்பா, எனக்காக. நான் அவருக்காக மாத்துனேன். எனக்கு அவரப் பிடிச்சிருக்குப்பா. நீங்க திட்டுங்க, அடிங்க... ஆனா பிடிச்சிருக்கு."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையும் சில்லிட்டுத்தான் இருந்தது.

"ரெண்டு பேரும் அஞ்சுன்னு போட்டீங்களா?"

"ஆமாப்பா."

"மறுபடி முந்நூறுன்னு காட்டியிருக்குமே?"

"காட்டுச்சுப்பா..."

அப்பா சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி பைத்தியங்க... இப்ப ஓடுதா?"

"ஓடுதுப்பா. மைனஸ் முப்பது."

"அந்தப் பையன்கிட்ட போனக் குடு."

அவன் இரண்டு கையாலும் போனை வாங்கினான். தொண்டையைக் கனைத்தான். "சொல்லுங்க மாமா."

கடுகு தலையில் அடித்துக்கொண்டாள். அடப்பாவி, அதுக்குள்ளேயே மாமாவா?

அப்பாவின் குரல், அவளுக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரலாக வந்தது.

"உங்க அப்பா... இப்ப எந்த நம்பர்ல இருக்கார்?"

"அதே பழைய நம்பர்தான் மாமா. எத்தனையோ தடவ மாத்தச் சொன்னோம். உங்ககிட்ட இருக்கிற நம்பர் அதுதான்னு, மாத்தவே மாட்டேன்னுட்டார்."